.270, .280, .308, .30-06: எதை வாங்குவது என்று கேட்ட மருமகனுக்கு

மாப்பிள்ளை, போன மாதம் நீ விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது மண்டபம் தென்கடல் கரையில் வைத்து ஒரு கேள்வி கேட்டாய். வள்ளத்தைத் தள்ளிவிடும் நேரம் என்பதால் ஏதோ இரண்டு வார்த்தை சொல்லி உன்னை அனுப்பிவிட்டேன். அந்த இரண்டு வார்த்தையை நம்பி நீ கடைக்குப் போய்விடக் கூடாதே என்று அன்றிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் வேலை பார்க்கும் நம் கரைப் பிள்ளைகள் வேறு சிலரும் இதையே கேட்டிருக்கிறார்கள். அதனால் எல்லாரும் படிக்கும்படியாகவே எழுதுகிறேன்.

உன் கேள்வி இதுதான். கனடாவில் துப்பாக்கி உரிமம், வேட்டை உரிமம் இரண்டையும் வாங்கிவிட்டாய். வாங்கப்போவது ஒரே ஒரு ரைபிள். அங்குள்ள மான் வகைகளான மியூல் மான், எல்க், மூஸ் மூன்றுக்கும் அது ஒன்றே போதுமானதாக இருக்க வேண்டும். கடைக்காரர் .280 என்ற தோட்டாவைச் சுடும் ரைபிளைச் சொல்கிறார். கூட வேலை பார்ப்பவர் தன்னுடைய பழைய .270-ஐக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார். கேட்டவர்களில் பாதிப்பேர் .308 என்கிறார்கள், மீதிப்பேர் .30-06 என்கிறார்கள். நான்கு தோட்டாக்களையும் மேசைமேல் வரிசையாக வைத்தால் அண்ணன் தம்பி போலவே இருக்கின்றன. இதில் எது?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். .308 வாங்கு. 165 கிரெயின் (ஏறத்தாழ 11 கிராம்) எடையில், நல்ல கட்டுமானமுள்ள குண்டு வைத்த தோட்டாவாகப் பார்த்து நான்கைந்து பெட்டி எடு. ஆனால் .308தான் நான்கிலும் சிறந்தது என்று மாமா சொன்னதாக யாரிடமும் சொல்லிவிடாதே. நான்குமே மூஸை வீழ்த்தும். நான் .308 என்று சொல்வதற்குக் காரணம் உன் உடல்வாகும், உன் இடக்கைப் பழக்கமும், நீ போகப்போகும் காடும்தான். தோட்டாவின் பெருமை அதில் கடைசியாகத்தான் வருகிறது.

இங்கே ஊரிலிருந்து படிப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு உரிமம் வாங்கி வேட்டையாடும் வழியும் அடைபட்டது. நம் கடலிலேயே 21 தீவுகளைச் சேர்த்து 1986 முதல் தேசியப் பூங்கா இருக்கிறது. ஆவுளியாவை, அதாவது கடற்பசுவை, பிடித்தால் சிறைதான். அந்தச் சட்டங்கள் சரியானவை என்றே நான் நினைக்கிறேன். இங்கே நான் எழுதுவது, எந்தக் காட்டில் எந்த விலங்கை எத்தனை எடுக்கலாம் என்று அரசே கணக்குப் போட்டு அனுமதிச் சீட்டு கொடுக்கும் ஒரு நாட்டைப் பற்றி. அங்கே இருபத்திரண்டு பருவங்கள் காட்டுக்குப் போய்வந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் எண்களின் மயக்கத்தைத் தீர்த்துவிடுவோம். .30-06 என்பதில் கடைசியில் உள்ள 06 ஆண்டைக் குறிக்கிறது. அமெரிக்க ராணுவம் 1906-இல் ஏற்றுக்கொண்ட தோட்டா அது. மருந்தை அடக்கி வாயில் குண்டைப் பிடித்திருக்கும் பித்தளைக் குழாயைத்தான் கூடு என்கிறோம். அந்தக் குடும்பத்துக் கூட்டின் வாயைச் சுருக்கி, சிறிய குண்டு வைத்து வின்செஸ்டர் நிறுவனம் 1925-இல் .270-ஐக் கொண்டுவந்தது. அதே குடும்பத்தில் 1957-இல் ரெமிங்டன் கொண்டுவந்தது .280. நான்காவதான .308 ஒரு குட்டைத் தம்பி. வெடிமருந்து மேம்பட்டதால் பழைய வேகத்தை ஏறத்தாழ அப்படியே குட்டைக் கூட்டிலும் கொண்டுவர முடிந்தது. .30-06-இன் கூடு 63 மில்லிமீட்டர் நீளம் என்றால் இது 51 மில்லிமீட்டர். 1952-இல் வேட்டைக்காரர்களுக்கு விற்பனைக்கு வந்தது. நம் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த ஊர்க்காரர்கள் ‘ஏழு அறுபத்திரண்டு’ என்று பேசிக்கொள்வார்களே, அது இதன் உடன்பிறப்பு.

பெயரில் இருக்கும் எண்ணை வைத்துக் குண்டின் பருமனைக் கணக்கிடாதே. .308, .30-06 இரண்டிலும் இருப்பது ஒரே 0.308 அங்குலக் குண்டு. .270-இல் 0.277 அங்குலம். .280-இல் 0.284 அங்குலம். .270 பெரியதா, .280 பெரியதா என்று நீ கேட்டாய் அல்லவா? அந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது 0.007 அங்குலம். பாறை மீனுக்குப் போடும் நரம்பின் பருமன்கூட அதைவிடப் பல மடங்கு இருக்கும். அந்த அளவு மூஸுக்குத் தெரியப்போவதில்லை.

இனி வேகம். தோட்டாப் பெட்டிகளில் அச்சிட்டிருப்பதையே சொல்கிறேன். 165 கிரெயின் குண்டு .308-இல் வினாடிக்கு ஏறத்தாழ 2,700 அடி வேகத்தில் குழலை விட்டுக் கிளம்புகிறது. அதே குண்டு .30-06-இல் 2,800 அடி. .270-இல் 130 கிரெயின் குண்டு 3,060 அடி. .280-இல் 140 கிரெயின் குண்டு 3,000 அடிக்குப் பக்கம். இந்த எண்களைப் பார்த்துத்தான் பேச்சில் சண்டையே நடக்கிறது. ஆனால் நூறு அடி வேகம் என்றால் என்ன என்று யாரும் யோசிப்பதில்லை. இந்தக் குண்டுகள் பறக்கப் பறக்க, நூறு கஜத்துக்கு ஏறத்தாழ இருநூறு அடி வேகத்தை இழக்கின்றன. அதாவது .30-06-இன் குண்டு ஐம்பது கஜம் போனதும் .308 குழல்வாயில் வைத்திருந்த வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. 250 கஜத்தில் நிற்கும் எல்க்கை .30-06 என்ன செய்யுமோ, அதை 200 கஜத்தில் .308 செய்யும். காட்டுக்குள் ஐம்பது கஜம் கூடுதலாகப் பதுங்கிப் போக முடியாதவன் வேட்டைக்கே போக வேண்டாம்.

குண்டு கீழே இறங்கும் கணக்கும் அப்படித்தான். நான்கையும் 200 கஜத்தில் சரியாகப் படும்படி குறி அமைத்து, 300 கஜத்தில் சுட்டுப் பார். வேகமான .270-இன் குண்டு ஏழு அங்குலம் போல இறங்கியிருக்கும். நான்கில் மெதுவான .308, 180 கிரெயின் குண்டோடு ஒன்பது அங்குலம் போல இறங்கியிருக்கும். இரண்டு அங்குல வித்தியாசம். மனிதர்கள் இதற்காகத்தான் நட்பை முறித்துக்கொள்ளும் அளவுக்குப் பேசுகிறார்கள்.

இப்போது காற்றுக்கு வருகிறேன், மாப்பிள்ளை. நீ நம் கரையில் பிறந்தவன் என்பதால் இந்த இடத்தில் மற்றவர்களைவிட உனக்கு ஒரு படி முன்னதாகவே புரியும். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே காற்று அடித்தால், நான் சொன்ன தோட்டாக்களில் எதை எடுத்தாலும் 300 கஜத்தில் குண்டு ஏழு அங்குலம் போல ஒதுங்கும். காற்று இரட்டித்தால் ஒதுங்குவதும் இரட்டிக்கும். மியூல் மானின் நெஞ்சில் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி எட்டு முதல் பத்து அங்குல அகலம்தான். நடுவில் குறிவைத்துக் காற்றைத் தப்பாகக் கணித்தால் குண்டு வயிற்றில் போய்ப் படும். தோட்டாவுக்குத் தோட்டா வித்தியாசம் இரண்டு அங்குலம். காற்றைத் தப்பாகப் படித்தால் ஏழு அங்குலம். இரண்டில் எதற்காக ராத்தூக்கம் கெட வேண்டும் என்று நீயே சொல்.

வாடை எழுந்தால் வடகடலை விட்டுத் தென்கடலுக்கு வள்ளத்தை மாற்றுவதும், மேல்காற்றான கச்சான் எழுந்தால் திரும்பி வடகடலுக்குப் போவதும் நமக்குப் பழக்கம். உன் தாத்தா விடியலில் கரையில் நின்று, தூரத்தில் தண்ணீர் கருத்து வருவதைப் பார்த்தே ‘இன்னும் கால் மணி நேரத்தில் இங்கே வந்துவிடும்’ என்று சொல்வார். தான் நிற்கும் இடத்துக் காற்றை மட்டும் நம்பக் கூடாது என்பதுதான் அதில் உள்ள பாடம். ஆல்பர்ட்டாவின் மலையடிவாரத்திலும் அதுவேதான். ராக்கி மலையிலிருந்து சினூக் என்று ஒரு வெப்பக்காற்று மேற்கிலிருந்து இறங்கும். நீ படுத்திருக்கும் மேட்டில் புல் அசையாது. நடுவே பள்ளத்தாக்கில் ஆஸ்பன் மரத்து இலைகள் வெள்ளையாகப் புரண்டுகொண்டிருக்கும். குண்டு கடந்து போக வேண்டியது அந்தப் பள்ளத்தாக்கைத்தான். தண்ணீர் கருப்பதைப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு இலை புரள்வதைப் பார்க்கவும் தெரியும். அந்தக் கண்ணைப் பயன்படுத்து.

இதை நான் ஒரு பெண் எல்க்கைக் கெடுத்துத்தான் கற்றேன். எனக்கு அது மூன்றாவது பருவம். ஒரு கடையில் விற்பனை செய்தவர் ‘எல்க் என்றால் மேக்னம் இல்லாமல் முடியாது’ என்று சொல்ல, கூடுதல் மருந்து அடைத்த பெரிய தோட்டாவான .300 வின்செஸ்டர் மேக்னம் வாங்கினேன். நல்ல தோட்டாதான், 1963 முதல் புழக்கத்தில் இருக்கிறது, அதைத் தாங்கிச் சுடுபவர்கள் கையில் அது ஓர் அற்புதம். நான் தாங்குபவனாக இல்லை. சுடும்போது தோளில் விழும் உதைக்குப் பயந்து பருவத்துக்கு முன் பத்துத் தோட்டாக்கூடச் சுட்டுப் பழகவில்லை. அன்று மாலை 280 கஜம் இருக்கும். பக்கவாட்டில் காற்று. விசையை அழுத்தும் நொடியில் என் கண் தானாக மூடிக்கொண்டது. அதை நான் உணர்ந்தேன். குண்டு வெகு பின்னால் பட்டது. இருட்டும்வரை இரத்தச் சுவட்டைத் தொடர்ந்தேன், கிடைக்கவில்லை. மறுநாள் நண்பகலில்தான் கண்டுபிடித்தேன். இறைச்சி முழுக்கக் கெட்டுப்போயிருந்தது, கயோட்டி என்னும் சிறு ஓநாய்கள் தின்ற மிச்சம். ஓர் உயிர் இரவு முழுக்க வலியில் கிடந்ததற்கு நான் காரணம். இன்றைக்கும் அந்தச் சரிவு கனவில் வரும். அந்த ரைபிளை அந்த வாரமே விற்றுவிட்டேன்.

அதனால்தான் உதையைப் பற்றி நான் இவ்வளவு வலியுறுத்துகிறேன். எட்டுப் பவுண்டு எடையுள்ள ரைபிளில் .308-இன் உதை ஏறத்தாழ 17, 18 அடி-பவுண்டு. .270-உம் அதற்குப் பக்கம்தான். .30-06-இல் 20. நான் விற்ற மேக்னத்தில் 26-ஐத் தாண்டும். நீ அறுபது கிலோ எடைகூட இல்லாத பிள்ளை. இதுவரை சுட்டதெல்லாம் பயிற்சி வகுப்பில் சிறிய.22 மட்டுமே. உனக்கு வேண்டியது ஒரு பருவத்துக்கு முன் இருநூறு தோட்டாவாவது முகம் சுளிக்காமல் சுட்டுப் பழகக்கூடிய துப்பாக்கி. இந்த நான்கும் அந்த வரம்புக்குள் வருபவை, .30-06 கொஞ்சம் ஓரத்தில் நிற்கிறது. நானே அதன்பிறகு பத்தொன்பது பருவம் சுமந்தது .30-06தான். அதன்மேல் எனக்குப் பாசம் உண்டு. ஆனால் என் பாசத்தை உன் தோளில் ஏற்ற மாட்டேன்.

இனி, நான்கில் எதை எடுத்தாலும் உண்மையில் வேலை செய்யும் பொருளுக்கு வருகிறேன்: குண்டு. தாத்தாவின் தூண்டில் பெட்டி நினைவிருக்கிறதா? ஒரே நம்பர் தூண்டில்தான் அதில் கிடக்கும். ஏழாம் நம்பரா எட்டாம் நம்பரா என்று மற்றவர்கள் வாதாடும்போது அவர் இரையை மாற்றிக்கொண்டிருப்பார். தோட்டாவின் பெயரைத் தூண்டில் என்று வைத்துக்கொள், குண்டுதான் இரை.

சின்ன வயதில் வலையின் அடிக்கயிற்றுக்கு ஈயத் தகட்டைச் சுற்றி, பல்லால் கடித்து இறுக்குவோம். ஈயம் அவ்வளவு மென்மை. சாதாரண வேட்டைக் குண்டு என்பது அந்த ஈயத்துக்கு ஒரு மெல்லிய செம்புச் சட்டை போட்டதுதான். மானின் நெஞ்சில் பட்டதும் முன்பகுதி காளான் போல விரிந்து பெரிய துளை போட வேண்டும்; அதற்குத்தான் அந்த மென்மை. மான் அளவு உடம்பில் அது அருமையாக வேலை செய்கிறது. ஆண் மூஸ் அரை டன் எடை வரும், மாப்பிள்ளை. நம் ஊர் வண்டிமாட்டுக்கு மேல். சேற்றில் புரண்டு எழுந்து நிற்கும்போது உடம்பு முழுக்கக் களிமண் கவசம் வேறு. வேகமான மென்குண்டு அதன் தோள் எலும்பில் பட்டால் மேலேயே சிதறிவிடக்கூடும். 1946-இல் பிரிட்டிஷ் கொலம்பியாக் காட்டில் ஜான் நாஸ்லர் என்ற அமெரிக்க வேட்டைக்காரருக்கு இதுதான் நடந்தது. சேறு பூசிய ஆண் மூஸ், கையில் சக்திமிக்க.300 ரகத் துப்பாக்கி. குண்டுகள் உள்ளே போகவில்லை. ஊர் திரும்பியவர் குண்டின் நடுவில் ஒரு செம்புத் தடுப்பு வைத்து, முன்பாதி விரிந்தாலும் பின்பாதி கட்டுக்கோப்பாக ஊடுருவிப் போகும்படி ஒன்றை வடிவமைத்தார். 1948-இல் அது விற்பனைக்கு வந்தது. பார்ட்டிஷன் என்ற பெயரில் இன்றும் விற்கிறது. அவர் தோட்டாவை மாற்றவில்லை, குண்டை மாற்றினார். இந்த ஒரு செய்திக்காகவே அவரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இன்று அதே வேலையைச் செய்ய இரண்டு வழிகள் கூடுதலாக இருக்கின்றன. ஈயத்தையும் செம்புச் சட்டையையும் பிரியாதபடி ஒட்டவைத்த குண்டு ஒன்று. ஈயமே இல்லாமல் முழுக்கச் செம்பால் செய்த குண்டு மற்றொன்று. உனக்கு நான் முதலில் சொல்வது ஒட்டவைத்த 165 கிரெயின். வீட்டில் குழந்தை இருப்பதால், கை பழகிய பிறகு செம்புக்கு மாறிவிடு. ஈயக் குண்டு விரியும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் இறைச்சிக்குள் சிதறுகின்றன. காட்டில் விட்டுவந்த குடலைத் தின்னும் கழுகுகளுக்கும் அது நஞ்சு. கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டையே முழுக்கத் தடை செய்துவிட்டார்கள். செம்பு ஈயத்தைவிட எடை குறைவு என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். ஆகவே செம்பில் 150 கிரெயின் எடுத்தால் போதும், ஊடுருவலில் குறை இருக்காது. ஒரு ரகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் குறியைத் திரும்ப அமைக்க மறக்காதே, இரண்டும் ஒரே இடத்தில் படாது.

ஆல்பர்ட்டாவின் விதியும் இதையேதான் பார்க்கிறது: பெரிய விலங்குக்கு .23-க்குக் குறைந்த பருமன் கூடாது, விரியாத குண்டு கூடாது. நீ கேட்ட நான்கும் முதல் விதியை எளிதில் தாண்டிவிடும். இரண்டாவது விதியை மீறுவதுதான் சுலபம். ராணுவ உபரியாக மலிவு விலையில் கிடைக்கும் முழுச்சட்டைக் குண்டுகளைப் பயிற்சிக்கு வைத்துக்கொள், காட்டுக்குள் ஒன்றுகூடச் சட்டைப்பையில் இருக்கக் கூடாது.

இந்த நான்கில் எதற்கும் மூஸை வீழ்த்தும் வலிமை போதுமா என்று இன்னமும் சந்தேகம் இருந்தால், நம் ஊர்க் காவலர்கள் தோளில் மாட்டிக்கொண்டு நின்ற .303-ஐ நினைத்துப் பார். 174 கிரெயின் குண்டு, 2,440 அடி வேகம். இந்த நான்கையும்விட மெதுவானது. கனடாவில் தலைமுறை தலைமுறையாக அதை வைத்து மூஸ் வேட்டையாடியிருக்கிறார்கள். வட கனடாவின் ரேஞ்சர் படையினர் அண்மைக்காலம்வரை அதைத்தான் சுமந்தார்கள். சுவீடன்காரர்கள் 6.5 மில்லிமீட்டர் குண்டு வைத்த பழைய தோட்டாவால் நூறாண்டுக்கு மேலாக மூஸ் எடுக்கிறார்கள். ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட் 1907-இல் சம்பாவத் பெண்புலியை வீழ்த்தியதற்காக அவருக்குப் பரிசாக வந்த ரிக்பி ரைபிளும் 7 மில்லிமீட்டர்தான். உன் கடைக்காரர் சொல்லும்.280-இல் உள்ள அதே பருமன் குண்டு, ஆனால் அதைவிட மெதுவான தோட்டா. இதைச் சொல்லும்போது எச்சரிக்கையும் சேர்த்தே சொல்கிறேன்: அவர்கள் கை வேறு, அவர்கள் பொறுமை வேறு. சிறிய தோட்டாவே போதும் என்று நீ இன்னும் கீழே இறங்கிப் போக இதைச் சாக்காக எடுத்துக்கொள்ளாதே.

சரி, நான்கும் இவ்வளவு நெருக்கம் என்றால் எதை வைத்துத் தேர்வது? கடை அலமாரியை வைத்து, துப்பாக்கியின் அமைப்பை வைத்து, உன் கையை வைத்து.

.280-ஐ முதலில் ஒதுக்கிவிடுகிறேன். தோட்டா என்ற அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வியாபாரத்தில் அது தொடக்கத்திலிருந்தே அதிர்ஷ்டம் இல்லாத பிள்ளை. 1979-இல் ரெமிங்டன் அதன் பெயரையே ‘7 எம்எம் எக்ஸ்பிரஸ்’ என்று மாற்றியது. 7 எம்எம் மேக்னத்தோடு மக்கள் குழப்பிக்கொண்டதால் பிறகு பழைய பெயருக்கே திரும்பியது. பெரிய நகரக் கடையில் கிடைக்கும். வேட்டைக்குப் போகிற வழியில் பெட்ரோல் பங்க்கோடு சேர்ந்த சின்னக் கடையில் நீ போய் நிற்கும்போது இருக்காது. அந்தக் கடையில் மற்ற மூன்றும் இருக்கும்.

.270-உம் .30-06-உம் நீளக் கூடு என்பதால் நீளமான இயக்கம், அதாவது தோட்டாவை ஏற்றி இறக்கும் பொறி, வேண்டும். அந்தப் பொறியில் கையால் இழுத்துத் தள்ளும் போல்ட்டை இன்னும் அரை அங்குலம் போலப் பின்னுக்கு இழுக்க வேண்டும், துப்பாக்கியும் சற்றுக் கனக்கும். .308-க்குக் குட்டை இயக்கம். குழல் இருபது, இருபத்திரண்டு அங்குலமாகக் குறைந்தாலும் வேகத்தில் பெரிதாக இழப்பதில்லை. மூஸ் நிற்பது வில்லோப் புதரும் சதுப்பும் மண்டிய இடத்தில். அங்கே நம் சீமைக்கருவேலங்காட்டுக்குள் புகுவது போல ஒவ்வொரு கிளையும் குழலைப் பிடித்து இழுக்கும். சுடும் தூரமும் நூறு கஜத்துக்குள்தான் இருக்கும். குட்டைத் துப்பாக்கி அங்கே பெரிய உதவி.

உன் நண்பர் தருவதாகச் சொல்லும் .270 இடக்கைத் துப்பாக்கியாக இருந்திருந்தால், இவ்வளவு எழுதியிருக்கவே மாட்டேன். வாங்கிக்கொள், 150 கிரெயின் நல்ல குண்டு போடு என்று ஒரு வரியில் முடித்திருப்பேன். அமெரிக்க வேட்டை எழுத்தாளர் ஜாக் ஓ’கானர் வாழ்நாளெல்லாம் எழுதி எழுதிப் புகழ்பெறச் செய்த தோட்டா அது. அவர் புகழ்ந்ததில் மிகை இல்லை. ஆனால் அது வலக்கைக்காரருடையது. இடது தோளில் வைத்துச் சுட்டுவிட்டு, அடுத்த தோட்டாவுக்காக நீ துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கி, கையைத் தாண்டி அந்தப் பக்கம் போல்ட்டைத் தேட வேண்டியிருக்கும். முதல் குண்டு பட்ட மூஸ் விழாமல் நின்றுகொண்டிருக்கும் நொடியில் அந்தத் தேடல் கூடாது. விலை குறைவு என்பதற்காக அந்தச் சங்கடத்தை வாங்காதே. இடக்கைப் போல்ட்டோடு வரும் ரைபிள்களில் .308 தாராளமாகக் கிடைக்கிறது. மிச்சமாகும் பணம் இருந்தால் நல்ல தொலைநோக்கிக்கும் அதைத் துப்பாக்கியில் பிடிக்கும் வளையங்களுக்கும் போடு. வளையம் தளர்ந்தால் எந்தத் தோட்டாவும் சொன்ன இடத்துக்குப் போகாது.

ஒரே ஊரிலிருந்து நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே கூடாரத்தில் தங்குவீர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: ஒருவர் தோட்டா இன்னொருவர் பையில் போகக் கூடாது. .280 துப்பாக்கிக்குள் .270 தோட்டா நுழைந்துவிடும், வெடிக்கவும் செய்யும். .30-06-க்குள் .308-உம் அப்படியே. கூடு கிழிந்து வெப்பவாயு முகத்துக்கு நேரே வரலாம். அண்ணன் தம்பி போல் இருக்கின்றன என்று சொன்னாயே, ஆபத்தே அதில்தான் இருக்கிறது. மேசையில் கொட்டி வைத்துப் பேசுவது வேண்டாம். அவரவர் பெட்டி, அவரவர் பை. துப்பாக்கியில் போடுமுன் பித்தளையின் அடியில் பொறித்திருப்பதைப் படித்துவிட்டுப் போடு.

மூஸைச் சுடும் இடம் பற்றி நேரில் காட்டித் தருகிறேன் என்றாலும் இப்போதே மனத்தில் வை. பக்கவாட்டில் நிற்க வேண்டும். முன்காலின் பின் விளிம்பை ஒட்டி, உடம்பின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரம். தோளை உடைக்க முயலாதே. இறைச்சி வீணாகும், எலும்பில் குண்டு திசை மாறும். நேருக்கு நேர் பார்த்து நின்றால் விடு, திரும்பும்வரை காத்திரு. திரும்பாமல் போனால் போகட்டும். நுரையீரலில் பட்ட மூஸ் பெரும்பாலும் எதுவுமே நடக்காதது போல அப்படியே நிற்கும். தப்பிவிட்டது என்று நினைத்துத் துப்பாக்கியை இறக்கிவிடாதே. போல்ட்டை இழுத்துத் தள்ளி, அதே இடத்தில் இன்னொன்று வை. காட்டுக்குள் போய்விட்டால் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திரு. துரத்தினால் ஒரு மைல் ஓடும், விட்டால் ஐம்பது கஜத்தில் படுத்துக்கொள்ளும். விழுந்ததும் உடனே தோலை உரித்துச் சூட்டை வெளியேற்று; அவ்வளவு பெரிய உடம்பு பனியிலும் உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கும், தொடை எலும்பை ஒட்டித்தான் முதலில் கெடும்.

குளிர் பற்றியும் நீ அறிய வேண்டியது ஒன்று உண்டு. நவம்பரில் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரிக்குக் குளிர் இறங்கும்போது போல்ட்டுக்குள் இருக்கும் எண்ணெய் கெட்டியாகி, தோட்டாவை வெடிக்கவைக்கும் ஊசி மெதுவாகத் தட்டும். விசையை அழுத்தினால் ‘டக்’ என்ற சத்தம் மட்டும் வரும். பருவத்துக்கு முன் போல்ட்டைக் கழற்றி எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிடு. மருந்தின் வேகமும் குளிரில் சற்றுக் குறையும். ஆகவே ஆகஸ்ட் வெயிலில் அமைத்த குறியை அக்டோபரில் ஒருமுறை சரிபார்.

துப்பாக்கி வாங்கியதும் வேறெங்கும் போகாமல் சுடுதளத்துக்குப் போ. நூறு கஜத்தில் இரண்டு அங்குலம் மேலே படும்படி அமைத்துக்கொண்டால் 200 கஜத்துக்கு ஏறத்தாழ நேராக இருக்கும். பிறகு 250, 300 இரண்டிலும் காகிதத்தில் சுட்டு, எவ்வளவு இறங்குகிறது என்று உன் துப்பாக்கியிலேயே அளந்து, ஒரு வெள்ளை ஒட்டுநாடாவில் எழுதிப் பின்கட்டையில் ஒட்டிவை. மண்டியிட்டும் உட்கார்ந்தும் கம்பில் சாய்ந்தும் சுட்டுப் பழகு. மேசையில் மணல்மூட்டை வைத்துச் சுடுவது குறி அமைக்க மட்டும்தான். அந்த நிலைகளில் பத்துக்கு ஒன்பது தோட்டா உள்ளங்கை அகல வட்டத்துக்குள் விழும் தூரம் எதுவோ, அதுதான் உன் தூரம். முதல் ஆண்டு அது 150 கஜமாக இருந்தால் 151-இல் நிற்கும் எல்க்கைப் பார்த்து ரசித்துவிட்டு வா.

செப்டம்பரில் சுட்ட காகிதங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. தேதி, காற்று, தூரம் மூன்றையும் ஒவ்வொன்றின் ஓரத்திலும் எழுதி அனுப்பு.